டாலி கிளார்க்கும் டீச்சரம்மாவும்

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், ஒரு பைக் போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள் நிறைய உண்டு. அப்படி ஒரு சந்தில், தரைத்தள வீட்டில், அந்தத் தம்பதி இருக்கிறார்கள். அவருக்கு எண்பது நெருங்குகிறது. ஹார்பரில் வேலை பார்த்தவர், அதனால் தெருவில் எல்லோருக்கும் "ஹார்பர் தாத்தா". அம்மா ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் ஆரம்ப வகுப்பு எடுத்தவர். அவர் என்றைக்கும் "டீச்சரம்மா"தான். வீட்டுக்காரரே கூட "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். கேலியாக ஆரம்பித்ததாம், அப்படியே நின்றுவிட்டது.

ஹாலில் வசனப் பலகை ஒன்று தொங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே வைஃபை பெட்டி, பச்சை விளக்கு கண்ணடித்துக்கொண்டு. மகன் கனடாவில் இருந்தபடியே ஆள் அனுப்பிப் போட்டுக் கொடுத்தது. ஆணி அடிக்க வேறு இடம் இல்லாததால் இரண்டும் ஒரே சுவரில். வருகிறவர்கள் எல்லாம் இதைப் பார்த்து ஏதாவது தத்துவம் சொல்வார்களாம். தாத்தாவுக்கு எரிச்சல். "ப்ளக் பாய்ன்ட் அங்கதான் இருக்குது, அதுக்கு இன்னா பண்றது?" என்பார்.

காலை ஆறரைக்கு அந்த வீட்டில் ஒரு ஒலிபரப்பு நடக்கும். குடும்ப வாட்ஸப் குழுவுக்குத் தினமும் ஒரு வசனம், ஒரு சின்ன ஜெபம். டீச்சரம்மா வாசிப்பார், தாத்தா மைக் பட்டனை அமுக்கிப் பிடிப்பார். வயதான விரல், பாதியில் நழுவிவிடும். நழுவினால் அதுவரை பேசியது போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாள் மனந்திரும்பாதவனுக்கு என்ன நடக்கும் என்பது வரைக்கும் போய்விட்டது. திரும்பினால் என்ன கிடைக்கும் என்பது போகவில்லை. அம்பத்தூரில் இருக்கும் மகள் பதறிப் போய், "யாருக்கும்மா இது? என்ன தப்பு பண்ணினோம்?" என்று போன் போட்டாளாம்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் அந்தக் குழுவில் ஒருவர் மட்டும் எதற்கும் பதில் போடுவதில்லை. மகன். அதைப் பற்றிப் பிறகு.

முதலில் தாத்தாவின் வேலை. பி.காம். படிக்கிறவர்களுக்கு டாலி என்றால் சாஃப்ட்வேர். எஃப்8 அழுத்தினால் விற்பனை, எஃப்9 அழுத்தினால் கொள்முதல். தாத்தாவுக்கு டாலி என்பது ஒரு கெட்டி அட்டை நோட்டும் பென்சிலும். கப்பலிலிருந்து கொக்கியில் மூட்டைகள் இறங்கும்போது பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. கப்பல்காரன் ஒரு கணக்கு வைத்திருப்பான், சரக்குக்காரன் ஒரு கணக்கு வைத்திருப்பான். இரண்டும் இடித்தால் டாலி கிளார்க்கின் நோட்டுதான் சாட்சி. வெயில், மழை, ராத்திரி ஷிப்ட், எல்லாவற்றிலும் கண்ணை எடுக்கக்கூடாது.

மெட்ராஸ் துறைமுகத்தில் 1983-ல் தனி கன்டெய்னர் முனையம் வந்தது. நாட்டிலேயே முதலில் வந்தவற்றில் ஒன்று. அதற்குப் பிறகு மூட்டை போய்ப் பெட்டி வந்தது. பெட்டிக்கு ஒரு நம்பர், ஒரு சீல். உள்ளே ஐந்நூறு மூட்டையா, நானூறா, வெறும் கல்லா, யாருக்குத் தெரியும்? சீல் உடையாமல் இருந்தால் சரக்கு சரி என்று எழுத வேண்டியதுதான்.

"பாக்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட்டோம்மா. அதுவரைக்கும் என் கண்ணை நம்பினேன். அப்புறம் சீலை நம்பச் சொன்னாங்க."

"கோயில்ல முப்பது வருசமா அதத்தானே சொல்லிக் குடுக்காங்க, ஹார்பர்ல சொன்னாதான் புரியுமோ?" என்று உள்ளேயிருந்து டீச்சரம்மா குரல் வரும். அவர் பாளையங்கோட்டை பக்கம். கல்யாணமாகி வந்து ஐம்பது வருஷம் ஆகியும் மெட்ராஸ் பேச்சு ஒட்டவில்லை.

இந்த இரண்டு பேரில் யார் புது விஷயங்களுக்கு எதிரி என்று கேட்டால் எல்லோரும் தாத்தா என்றுதான் நினைப்பார்கள். அப்படியும் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்குள் ரேடியோ கொண்டுவந்தவர் அவர்தான். சீஷெல்ஸ் தீவிலிருந்து வந்த ஃபெபா வானொலியின் நிகழ்ச்சிகளுக்குச் சிற்றலையில் முள்ளைத் திருப்பித் திருப்பிக் காது கொடுத்தவரும் அவரே. கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளே ஒரு பாட்டு, நடுவில் வேறு ஏதோ பாஷை. அதில் பாதி செய்திதான் கிடைக்கும், மீதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பார்.

அந்த ரேடியோ ஒரு முறை வீட்டையே தாங்கியது. 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது தாத்தாவின் தம்பி அங்கே ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அதற்கு முன்பு தம்பியிடமிருந்து மாதம் ஒரு கேசட் வரும். ஒரு பக்கம் அவன் பேசியிருப்பான். மறுபக்கத்தில் இவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசி, அழுது, யாராவது வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஆகஸ்ட் வந்ததும் எல்லாம் நின்றது. போன் கிடையாது, தந்தி கிடையாது. ராத்திரியானால் பி.பி.சி. தமிழோசை, அது முடிந்ததும் குடும்ப ஜெபம். டீச்சரம்மா பழைய கேசட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். "அவரு உசிரோட இருக்காருன்னு நெனைக்கதுக்கு வேற என்ன இருந்துச்சு?"

குவைத்திலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அந்த வருஷம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மான் நகரம் வழியாக விமானத்தில் வந்தார்கள். தம்பியும் அதில் ஒருவர். பம்பாயில் இறங்கி, ரயில் பிடித்து, சென்ட்ரலில் ஒரே ஒரு கைப்பையோடு வந்து நின்றார். ஆறு வாரம் எந்தச் செய்தியும் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். இன்றைக்கு மகன் வாட்ஸப்பில் ஆறு மணி நேரம் ஆன்லைன் வரவில்லை என்றால் டீச்சரம்மாவுக்கு நெஞ்சு படபடக்கிறதாம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

செல்போன் கதையும் அந்த வீட்டில் உண்டு. இன்கமிங் காலுக்கும் காசு என்று இருந்த காலம் 2003-ல் முடிந்தது. அதற்குப் பிறகுதான் தாத்தா போன் வாங்கினார். மகன் வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு ரிங், கிளம்பினால் இரண்டு ரிங். எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு போச்சு. ஒரு பைசா செலவில்லாமல் குடும்பம் நடந்தது. (கம்பெனிகள் இதை எப்படித்தான் தாங்கினார்களோ!)

சரி, தகராறுக்கு வருவோம். இந்தத் தம்பதிக்குள் பெரிய சண்டை வந்தது 2020-ல்.

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, ஊரடங்கு ஒத்திகை. அந்த வாரமே நாடு முழுக்கப் பூட்டு. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர், மூன்றும் வீட்டுக்குள். ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் தொற்று ஏறிக்கொண்டே போனது. சந்தின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். ஆலயத்தில் ஆயர் மட்டும் நின்று யூட்யூபில் ஆராதனை நடத்தினார். உலகம் முழுக்க அப்படித்தான் நடந்தது. போப் பிரான்சிஸ் மார்ச் 27 அன்று ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் நின்று ஜெபித்தார். கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஈஸ்டர் ஆராதனையைத் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து நடத்தினார்.

ஆராதனை வரைக்கும் இருவருக்கும் சண்டை இல்லை. பிரச்சினை திருவிருந்தில் வந்தது. டீச்சரம்மாவின் சொந்தக்காரர்கள் வேறொரு சபையின் ஆன்லைன் ஆராதனை லிங்க்கை அனுப்பினார்கள். அவரவர் வீட்டிலேயே அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆயர் திரையில் ஜெபிப்பார், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் சொன்னார்கள்.

டீச்சரம்மா ஒரு தட்டில் பிரெட் துண்டு இரண்டு, ஒரு டம்ளரில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த ரசம், எல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடித் தயாராக வைத்தார். தாத்தா பார்த்தார். நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ஐயரு நின்னு கையில குடுத்தாத்தான் அது பந்தி. டிவியில சமையல் காட்டுறான், அதப் பாத்து வயிறு நெறைஞ்சிடுமா?"

"ஏங்க, ஆண்டவரு செவுத்தத் தாண்டி வருவாரு, கம்பியத் தாண்டி வரமாட்டாரா?"

உண்மையில் இது அந்தச் சந்து வீட்டுச் சண்டை மட்டுமில்லை. திருச்சபைகளே அந்த வருஷம் இதே கேள்வியில் பிரிந்து நின்றன. தூரத்தில் இருக்கும் அப்பத்தைத் திரை வழியாக அர்ப்பணிக்க முடியாது என்பதில் கத்தோலிக்கத் திருச்சபை உறுதியாக இருந்தது. அவர்கள் மனதால் நற்கருணை பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் சிலர் சரி என்றார்கள், சிலர் பூட்டுத் திறக்கும் வரை காத்திருப்போம் என்றார்கள். இரண்டு பக்கத்து வாதத்தையும் கேட்டால் இரண்டும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. காத்திருப்பதும் ஒரு விசுவாசம்தான். பசிக்கிறது என்று ஒப்புக்கொள்வதும் அப்படித்தான்.

அன்றைக்கு டீச்சரம்மா தனியாக எடுத்துக்கொண்டார். இரண்டாவது துண்டு தட்டிலேயே இருந்தது. சாயங்காலம் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. சாதாரண பிரெட் என்று தூக்கிப் போட மனம் வரவில்லை, அப்படியே வைக்கவும் முடியவில்லை. கடைசியில் அவரே சாப்பிட்டாராம். மூன்று நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஏப்ரலில்தான் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் செய்தியும் வந்தது. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். ஏப்ரல் 19-ல் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது ஜனங்கள் எதிர்த்தார்கள். வேலங்காட்டிலும் கூட்டம் கூடி ஆம்புலன்ஸையே தாக்கியது. உடன் வேலை பார்த்த மருத்துவர் ராத்திரியில் மண் தள்ளி அடக்கம் செய்தார். பிறகு அவர் மனைவி, கணவரின் கடைசி ஆசை கீழ்ப்பாக்கம்தான் என்று முதலமைச்சருக்கு வீடியோவில் வேண்டுகோள் வைத்தார். அந்த வீடியோ டீச்சரம்மாவின் போனுக்கும் வந்தது. இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். தாத்தா திரும்ப ஒரு தடவை போடச் சொன்னார். அதற்குப் பிறகு போனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜூலையில் டீச்சரம்மாவின் அக்கா பாளையங்கோட்டையில் இறந்தார். வயது எண்பத்திரண்டு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். கிடைத்தாலும் இந்த வயதில், அந்த நிலைமையில் யார் போக விடுவார்கள்? அக்கா மகன் வாட்ஸப் வீடியோவில் காட்டினான். வீட்டிலிருந்து பெட்டி தூக்கியது தெரிந்தது. கல்லறைத் தோட்டம் தெரிந்தது. ஆயர் புத்தகத்தைத் திறந்தார். பெட்டியைக் கயிறு போட்டு இறக்குகிற நேரம் பார்த்து படம் நின்றுவிட்டது. நடுவில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

டீச்சரம்மா போனைக் கீழே வைக்கவில்லை. சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாத்தா பக்கத்தில் வந்தார், ஒன்றும் சொல்லாமல் அடக்க ஆராதனையின் ஜெபங்களைத் தன் புத்தகத்தைத் திறந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். ஹார்பரில் எண்ணிக்கை சொல்லிப் பழகிய குரல். சந்து முழுக்கக் கேட்டதாம். படம் திரும்ப வந்தபோது மண் மூடியிருந்தது, மேலே செவ்வந்தி மாலை. செப்டம்பர் 1-ல் கோயில் திறந்தது, அதே நாளில் இ-பாஸும் ஒழிந்தது. ஆனால் அக்காவுக்கு அது ஆறு வாரம் தாமதம்.

"போன் இல்லாட்டி நான் ஒண்ணும் பாத்திருக்க மாட்டேன். போன் இருந்ததால பாக்காம போனேன்," என்று டீச்சரம்மா ஒரு முறை சொன்னார். இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அதற்குப் பிறகு தாத்தா கொஞ்சம் இறங்கி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கோயிலில் இப்போது பாட்டுகளைத் திரையில் போடுகிறார்கள். ஆரம்பத்தில் வீம்புக்குப் பாமாலைப் புத்தகத்தையே பிடித்துக்கொண்டு நிற்பார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் பொடி எழுத்து தெரியாமல், புத்தகத்தை மூடாமலேயே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துப் பாடுவதை டீச்சரம்மா கண்டுபிடித்துவிட்டார். போன வேதாகமமும் அப்படித்தான். "இதெல்லாம் வேதமா?" என்று கேட்டவருக்கு டீச்சரம்மா ஒரு பாடமே எடுத்தார்.

சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது இங்கே எல்லாம் ஓலை. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். அது பெரிதாக இருந்தது. புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் போட்டால் காகிதம் போதாது. அதனால் பக்கத்தில் பொறையாரிலேயே சின்ன எழுத்தாக வார்த்து, 1715-க்குள் அச்சடித்து முடித்தார்கள். மெட்ராஸ் கதை இன்னும் வேடிக்கை. 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த பிரெஞ்சுக்காரரின் அச்சு இயந்திரத்தைத் தூக்கி வந்தார்கள். அதை வேப்பேரியில் இருந்த மிஷனரி பப்ரிசியுஸிடம் கொடுத்தார்கள். போரில் பிடித்த மிஷின் ஜெபப் புத்தகம் அடித்தது.

"ஓலையில படிச்சவன் காயிதத்தப் பாத்து, இது வேதமான்னு கேட்டிருப்பாம்லா? அன்னைக்குக் காயிதம் பத்தலன்னு எழுத்தச் சின்னதாக்கினாங்க. இன்னைக்கு உங்க கண்ணுக்கு ரெண்டு வெரல வெச்சு விரிச்சாப் பெருசாகுது. அத அனுபவிங்க."

தாத்தாவிடம் இதற்குப் பதில் இல்லை. 2021 பிப்ரவரியில் தண்டையார்பேட்டைக்கு மெட்ரோ வந்தபோதும் இதே கதைதான். டீச்சரம்மா நகரும் படியில் ஏறிவிட்டார், தாத்தா லிஃப்ட் தேடிப் போனார்.

இப்போது மகன் விஷயம். அவன் கோயிலுக்குப் போவதை நிறுத்தி வெகு நாளாயிற்று. யாரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. இன்லேண்ட் லெட்டர் காலமாக இருந்தால் தெரிந்தே இருக்காது. "ஆண்டவர் கிருபையால் நலம்" என்று முதல் வரி எழுதிவிட்டால் முடிந்தது. சீல் உடையாத பெட்டி. வாட்ஸப்பில் அப்படி ஒளிய முடியவில்லை. காலை வசனத்துக்கு நீல டிக் விழும், பதில் இருக்காது. தங்கச்சி, மாப்பிள்ளை, சித்தப்பா, எல்லோரும் ஆமென் போடுவார்கள். அவன் மட்டும் இல்லை. தாத்தா தினமும் எண்ணுவார். பழக்கம். "பத்துப் பேர்ல எட்டு ஆமென்."

ஒரு நாள் தனி மெசேஜாக அவனுக்கு அனுப்பி, ஏன் பதில் போடவில்லை என்று கேட்டுவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவனுக்குத் தனியாக அனுப்பும் எதிலும் நீல டிக் விழவில்லை, சாம்பல் நிறத்திலேயே நின்றது. அந்த வசதியை அணைத்துவிட்டான் என்று பேத்திதான் விளக்கினாள். தாத்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. படிக்கிறானா இல்லையா என்பதே தெரியாமல் போயிற்றே!

டீச்சரம்மாவுக்கு என்னவோ அது நிம்மதியாக இருந்தது. "எண்ணாதீங்கன்னு சொல்லுதான். விடுங்க. நீங்கதானே பாக்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட்டவரு?"

காலை வசனம் நிற்கவில்லை. ஆமென் எண்ணுவது மட்டும் நின்றது.

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குக் கனடாவிலிருந்து வீடியோ கால் வரும். அங்கே அப்போது காலை. போனைச் சாய்த்து வைக்க ஏதாவது வேண்டும். கைக்கு எட்டின தூரத்தில், சரியான உயரத்தில் இருப்பது டீச்சரம்மாவின் பெரிய வேதாகமம்தான். அதன் மேல் வைக்கப் போனார்.

"வேதத்து மேல எதையும் வைக்காத டீச்சர்."

"வேதம் அதுக்கு உள்ளயே இருக்கு. மேல வெச்சா என்னவாம்?"

தாத்தா கேட்கவில்லை. பீரோவைத் திறந்து அடியிலிருந்து தன் பழைய டாலி நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். கெட்டி அட்டை. போன் அதில் கச்சிதமாக நின்றது. பேரன் வந்தான். கையில் பால் கிண்ணம். அந்த நோட்டு என்ன என்று கேட்டான். தாத்தா ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டி, நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே என்று சொல்லிக் கொடுத்தார். அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினான். ஐந்து கோடு போட்டுவிட்டு இழுத்திருந்தான். "ஒரு மூட்டை ஜாஸ்தி, கப்பல்காரன் ஒத்துக்க மாட்டான்," என்றார்.

பிறகு டீச்சரம்மா ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். வழக்கமாக அந்த நேரம் பார்த்து மகன் காபி போட எழுந்து போய்விடுவான். அன்றைக்குப் போகவில்லை. திரையின் ஓரத்தில் அவனுடைய முழங்கை மட்டும் தெரிந்தது. மேஜையில் ஊன்றியிருந்தது. அசையவில்லை.

தாத்தா மெதுவாகக் கை நீட்டி, இந்தப் பக்கத்துப் போனைக் கொஞ்சம் வலதுபுறம் திருப்பப் பார்த்தார். இங்கே திருப்பினால் அங்கே ஒன்றும் கூடுதலாகத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும்தான்.

டீச்சரம்மா கண்ணைத் திறக்காமலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.